116 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய கவாகுச்சி ஏன் இன்னும் கோல்கீப்பர் பயிற்சியாளராகவே இருக்கிறார்?

கேள்வி இது: "ஜப்பானின் யோஷிகாட்சு கவாகுச்சி நாட்டுக்காக 116 ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் உயரம் 180 செ.மீ. தான், இங்கிலாந்துக்குப் போய் சோபிக்கவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கோல்கீப்பர் பயிற்சியாளராகவே காலம் தள்ளுகிறார். உள்ளுணர்வால் ஆடிய ஒருவர் மற்றவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? ஏன் ஒரு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை? என் பையனும் உயரம் குறைந்த கீப்பர்தான், அதனால் கேட்கிறேன்."

கேட்டவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். உயரம் குறைந்த ஒருவர் எதை வைத்து அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தார், அதைப் பாடமாக்க முடியுமா என்பது முதலாவது. கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலை என்பது பெரிய பதவிக்குப் போகிற வழியில் ஒரு படிக்கட்டா, அல்லது தனித் தொழிலா என்பது இரண்டாவது. கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை என்பதால் அந்தப் பக்கமிருந்து பதில் சொல்கிறேன். ஆட்டப் பதிவில் இருப்பதை நேராகச் சொல்கிறேன். என் கணிப்பு வருகிற இடத்தில் கணிப்பு என்றே சொல்லிவிடுகிறேன்.

கவாகுச்சி 1975 ஆகஸ்ட் 15-ல் ஷிசுவோகா மாகாணத்தின் ஃபுஜி நகரில் பிறந்தார். ஜப்பானில் பள்ளிக் கால்பந்துக்குப் பேர்போன பகுதி அது. ஷிமிசு வணிக மேல்நிலைப் பள்ளியின் கேப்டனாக 1994 ஜனவரியில் அகில ஜப்பான் பள்ளிகள் கோப்பையை வென்றார். அதே ஆண்டு யோகோஹாமா மரினோஸ் அணியில் சேர்ந்தார். அங்கே அப்போது கோல் காத்துக்கொண்டிருந்தவர் ஷிகெடாட்சு மட்சுனாகா, தேசிய அணியின் முதன்மை கீப்பர். 1995 சீசனில் அர்ஜென்டினாக்காரரான பயிற்சியாளர் ஹோர்ஹே சொலாரி அவரை ஓரம் கட்டிவிட்டு 19 வயதுப் பையனை இறக்கினார். அந்த ஆண்டே மரினோஸ் லீக் பட்டம் வென்றது, கவாகுச்சிக்குச் சிறந்த புதுமுக வீரர் விருதும் கிடைத்தது. மட்சுனாகா வேறு அணிக்குப் போக வேண்டியதாயிற்று. கீப்பர்களின் உலகத்தில் ஒருவருக்கு விடிகிறது என்றால் இன்னொருவருக்கு அஸ்தமிக்கிறது என்றுதான் பொருள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியாளர் கவாகுச்சியைப் பற்றிப் பேசும்போது இதுதான் முக்கியமாகப்போகிறது.

உலகம் அவரைக் கவனித்தது 1996 ஜூலை 21-ல், அட்லாண்டா ஒலிம்பிக்கின் மியாமி ஆட்டத்தில். பிரேசில் அணியில் ரொனால்டோ, ரிவால்டோ, பெபெட்டோ, ரொபெர்டோ கார்லோஸ் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் கோலை நோக்கி அடித்தது 28 முறை, ஜப்பான் அடித்தது 4 முறை. ஆட்டம் 1-0 என்று ஜப்பானுக்கு முடிந்தது. இதை அதிசயம் என்று சொல்லி விட்டுவிடுவது சுலபம். அந்த ஆட்டத்தைப் பார்க்கும் ஒரு கீப்பர் பயிற்சியாளருக்குக் கண்ணில் படுவது வேறு. பந்து வந்த பிறகு அவர் பாய்ந்ததைவிட, பந்து வருவதற்கு முன்பே எங்கே போய் நின்றுவிட்டார் என்பதுதான் அங்கே பாடம். பெரும்பாலான தடுப்புகளில் அவர் கோல் கோட்டைவிட்டு முன்னே வந்து நிற்கிறார்.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் 11 மீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் மேல் நிற்கும் கீப்பர் இரு பக்கமும் தலா 3.66 மீட்டர் காக்க வேண்டும். 3 மீட்டர் முன்னே வந்து நின்றால் அந்தப் பொறுப்பு தலா 2.66 மீட்டராகக் குறைகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர் மிச்சம். 190 செ.மீ. கீப்பருக்கும் 180 செ.மீ. கீப்பருக்கும் கை எட்டும் தூரத்தில் இருக்கும் வித்தியாசம் அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். அப்படியானால் எல்லோரும் முன்னே வந்து நின்றுவிடலாமே என்று தோன்றும். இதில் இரண்டு சிக்கல்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 11 மீட்டரைக் கடக்க 0.4 வினாடி எடுத்துக்கொள்ளும், 8 மீட்டரைக் கடக்க 0.3 வினாடிகூட ஆகாது. இடத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறோம். இரண்டாவது சிக்கல், தலைக்கு மேலே பின்னால் விட்டுவந்த வெற்றிடம்.

முன்னே வரும் கீப்பருக்கு இதனால்தான் வேகத்தைவிட நிற்கத் தெரிவது முக்கியம். எதிராளி காலைப் பின்னுக்கு இழுக்கும் கணத்தில் இரண்டு பாதமும் தோள் அகலத்தில் தரையில் இருக்க வேண்டும், எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும், கைகள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே. இன்னும் ஓரடி முன்னேறலாமே என்ற ஆசையில் நடந்துகொண்டே இருக்கும்போது பந்து கிளம்பிவிட்டால், ஒரு கால் காற்றில் இருக்கும். அந்தக் காலின் பக்கம் வரும் பந்துக்கு அந்தக் கால் தரை தொட்ட பிறகுதான் பாய முடியும். இளம் கீப்பர்கள் வாங்கும் கோல்களில், பார்ப்பதற்கு "கை எட்டவில்லை" என்று தோன்றுபவற்றில் பெரும்பகுதி உண்மையில் கால் தரையில் இல்லாததால் வருபவை. உங்கள் பையனின் ஆட்டத்தைக் கைபேசியில் எடுத்து, எதிராளி பந்தை உதைக்கும் ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். உயரம்தான் பிரச்சினையா, கால்தான் பிரச்சினையா என்று பத்து கோல்களில் தெரிந்துவிடும்.

கீப்பரை நோக்கித் தனியாக ஒருவர் வரும்போது கவாகுச்சி செய்ததும் இதே வரிசைதான். எதிராளி பந்தைத் தட்டிவிட்டு ஓடும்போது இவரும் ஓடுவார். எதிராளியின் தலை பந்தைப் பார்க்கக் குனிந்தவுடன் நின்றுவிடுவார். தட்டிய பந்து ஒரு முழம் நீண்டுபோனால், கையை முன்னே விட்டு உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துப் போய் அள்ளுவார். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசிக் கட்டம். பையன்கள் காலை முன்னே விடுகிறார்கள், அதனால் பெனால்டி ஆகிறது. இல்லையென்றால் சீக்கிரமே படுத்துவிடுகிறார்கள். படுத்த கீப்பரைச் சுற்றிக்கொண்டு போவதற்குப் பெரிய திறமை தேவையில்லை.

முன்னே வருவதற்கான விலையையும் அவர் கொடுத்திருக்கிறார். கண்டங்களின் சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில், 2001-ல், ஜப்பான் இறுதிவரை போனது, தொடர் முழுவதிலும் வாங்கியது ஒரே கோல். அது இறுதி ஆட்டத்தில் வந்தது. தடுப்பாட்டக்காரர்களின் பின்னால் விழுந்த நீண்ட பந்துக்குக் கவாகுச்சி வெளியே வந்தார், பிரான்சின் பட்ரிக் வியரா அவருக்கு முன்னால் தலையால் தட்டி, தலைக்கு மேலே அனுப்பிவிட்டார். மியாமியில் காப்பாற்றிய அதே முடிவு யோகோஹாமாவில் கவிழ்த்தது. முடிவு ஒன்றுதான், அரை வினாடி தாமதம் என்பதுதான் வித்தியாசம்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் முதல் உலகக் கோப்பையான 1998-ல் மூன்று ஆட்டங்களிலும் அவர்தான் கோல் காத்தார். அர்ஜென்டினாவிடம் 0-1, குரோஷியாவிடம் 0-1, ஜமைக்காவிடம் 1-2. லெபனானில் நடந்த 2000 ஆசியக் கோப்பையை வென்ற அணியிலும் அவர்தான். 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அணி 18 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அங்கே கோல் காத்த முதல் ஜப்பானியர் அவர்.

அங்கே என்ன ஆயிற்று? பதிவு சொல்வது: லீக்கில் ஒரு டஜன் ஆட்டம்கூடத் தொடர்ந்து ஆடவில்லை. 2002 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் சொந்த மைதானத்திலேயே கீழ்ப்பிரிவு அணியான லேட்டன் ஓரியன்ட்டிடம் 1-4 என்று தோற்றார்கள். அதன் பிறகு இடம் 42 வயது டேவ் பீசன்ட்டிடம் போனது. அடுத்த சீசனில் ஷாகா ஹிஸ்லப் வந்துவிட்டார். காரணம் என்ன என்பதில் பல பேச்சு உண்டு, இனி சொல்வது என் கணிப்பு. அப்போது போர்ட்ஸ்மவுத் ஆடிய இரண்டாம் பிரிவில் பந்து பக்கவாட்டிலிருந்து உயரே வந்துகொண்டே இருக்கும், கீப்பர் மீது தோளை வைத்து இடிப்பதை நடுவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 180 செ.மீ. ஆள் கையை உயர்த்தி நின்றால் சுமார் 2.3 மீட்டர் எட்டும், 190 செ.மீ. ஆளுக்கு 2.45 வரை போகும். திறந்த வெளியில் இந்த 12, 15 செ.மீ. இடைவெளியை அரை அடி முன்னதாகக் கிளம்பிச் சரிக்கட்டலாம். ஆறு பேர் வழியை அடைத்து நிற்கும்போது முன்னதாகக் கிளம்ப வழி கிடைக்காது.

அதைவிடப் பெரியது குரல். கிராஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து உயரே அனுப்பப்படும் பந்து, வரும்போது கீப்பர் ஒற்றைச் சொல்லில் "நான் எடுக்கிறேன்" அல்லது "நீ அடித்துத் தள்ளு" என்று சொல்ல வேண்டும். அது மூளையில் மொழிபெயர்த்து வருவதாக இருந்தால் தாமதமாகும். கீப்பர் சொல்லாவிட்டால் தடுப்பாட்டக்காரர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுப்பார், பிறகு இருவரும் ஒரே பந்துக்குப் போவார்கள். ஆசியாவிலிருந்து தாக்குதல் வீரர்களும் நடுக்கள வீரர்களும் ஐரோப்பாவில் நிலைத்த அளவுக்குக் கீப்பர்கள் நிலைக்காததற்கு உயரத்தைக் காரணம் சொல்வார்கள். நான் குரலை முதலில் வைப்பேன்.

2003-ல் டென்மார்க்கின் நோர்ஷெலாண்ட் அணிக்குப் போனார், அங்கேயும் அதிகம் ஆடக் கிடைக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே காலத்தில்தான் தேசிய அணிக்காக அவருடைய புகழ்பெற்ற தருணம் வந்தது. 2004 ஜூலை 31, சீனாவின் சோங்சிங், ஆசியக் கோப்பைக் காலிறுதி, எதிரே ஜோர்டான். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. ஜப்பானின் முதல் இரண்டு பேரும், நகாமுராவும் அலெக்ஸும், தரை வழுக்கிப் பந்தை வெளியே அடித்தார்கள். கேப்டன் மியாமோட்டோ நடுவரிடம் பேசி, தரை கெட்டிருக்கிறது, மறுபக்கத்து கோலுக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். நடுவரும் மாற்றினார். ஜோர்டான் முதல் மூன்றையும் கோலாக்கிவிட்டது. 1-3 என்று இருந்த நிலையிலிருந்து அவர்களின் அடுத்த நான்கு உதைகளில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஜப்பான் 4-3 என்று வென்று, பிறகு கோப்பையையும் வென்றது. 2007 ஆசியக் கோப்பைக் காலிறுதியில், ஹனோயில், ஆஸ்திரேலியாவின் முதல் இரண்டு உதைகளையும், ஹாரி கியூவெல் அடித்ததையும் லூகஸ் நீல் அடித்ததையும், தடுத்தார்.

பெனால்டியில் கண்ணால் பார்த்துவிட்டுப் பாய முடியாது. பந்துக்கு 0.4 வினாடி. அது எந்தப் பக்கம் என்று கண்டு உடம்பு கிளம்பவே ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். மீதி நேரத்தில் 3 மீட்டர் பாய்வது மனித உடம்பால் ஆகாது. ஆகவே உதைப்பதற்குச் சற்று முன்பே ஒரு பக்கம் தீர்மானித்தாக வேண்டும். எதை வைத்து? ஓடி வரும் கோணம், ஊன்றும் காலின் நுனி காட்டும் திசை, இடுப்பு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. ஊன்றும் கால் தரையைத் தொடும் வரை அசையாமல் இருப்பதுதான் கடினம். பதற்றத்தில் முன்பே சாய்ந்துவிட்டால், நல்ல ஆட்டக்காரர் அதைப் பார்த்து மறுபக்கம் தட்டிவிடுவார். கவாகுச்சியின் பதிவுகளில் அந்த அசையாமையைக் காணலாம். ஆனால் ஒன்று, அவர் ஆடிய காலத்தில் பந்து உதைபடும்வரை கீப்பர் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும் என்பது விதி. 2019-லிருந்து ஒரு பாதமாவது கோட்டில் அல்லது கோட்டுக்கு நேரே மேலே இருந்தால் போதும். இன்றைய கீப்பர் பின்காலைக் கோட்டில் வைத்து, முன்காலைச் சாய்வாக முன்னே போட்டுப் பாயப் பழக வேண்டும். பின்கால் சீக்கிரம் கிளம்பிவிட்டால், தடுத்த பந்தும் வீண், உதை மறுபடியும், முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள் அட்டை. பழைய சாம்பியன் தன் பழக்கத்தை அப்படியே சொல்லிக்கொடுத்தால் சீடன் மாட்டிக்கொள்வான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2006 உலகக் கோப்பையில் ஆறு நாள் இடைவெளியில் அவருடைய முழு ஆட்டமும் அடங்கியிருக்கிறது. ஜூன் 12, கைசர்ஸ்லாட்டர்ன், எதிரே ஆஸ்திரேலியா. 84-ஆவது நிமிடம் வரை ஜப்பான் 1-0 என்று முன்னிலை, அதுவரை அவர் ஒன்றன் பின் ஒன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தார். நெடிய ஆளான ஜோஷுவா கென்னடியை இறக்கி, பந்தை உயரே அனுப்ப ஆரம்பித்திருந்தது ஆஸ்திரேலியா. (இந்தக் கென்னடி பிறகு ஜப்பானுக்கே வந்து நாகோயா அணிக்காகக் கோல் மழை பொழிந்தார் என்பது தனிக் கதை.) லூகஸ் நீல் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து நீளமாக எறிந்தார். கவாகுச்சி கூட்டத்துக்குள் புகுந்து குத்தித் தள்ள வந்தார், கையில் படவில்லை. பந்து விழுந்த இடத்தில் டிம் கேஹில் இருந்தார். 1-1. அடுத்த எட்டு நிமிடத்தில் 1-3.

கையால் எறியப்படும் பந்து காலால் வரும் கிராஸைவிட மெதுவாக, வளைந்து வரும். கீப்பருக்கு நேரம் இருப்பதுபோல் ஒரு மயக்கம் தரும். அதே நேரம் எதிராளிகளுக்கும் இருக்கிறது, வழியை அடைத்து நிற்க. ஆகவே நீண்ட எறிதலுக்கு நான் கீப்பர்களிடம் சொல்வது: முதல் ஓரடி எடுத்து வைக்கும்போதே பந்து வரையிலான பாதை திறந்திருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் முன்னே நின்று இரண்டாவது பந்துக்கு, அதாவது முதலில் யாராவது தொட்ட பிறகு வரும் பந்துக்கு, தயாராகு. பாதி வழி வந்து நிற்பதைத்தான் மன்னிக்க முடியாது. அவர் வராமல் இருந்திருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வந்தவர் தொடவில்லை என்பது மட்டுமே நிச்சயம்.

ஜூன் 18, நியூரம்பெர்க், எதிரே குரோஷியா. முதல் பாதியிலேயே பெனால்டி. அடித்தவர் டாரியோ ஸர்னா, அந்த அணியின் கடினமான கால்களில் ஒன்று. தடுத்தார். ஆட்டம் 0-0. தொலைக்காட்சிகள் இந்தத் தடுப்பைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கீப்பர் பயிற்சியாளரான எனக்கு வியப்பானது, ஆறு நாளுக்கு முன் அப்படி ஒரு கோலுக்குப் பிறகு அதே ஆள் கோலில் நிற்க முடிந்ததுதான்.

இப்போது பயிற்சியாளர் கதைக்கு வருகிறேன். அவருடைய நான்கு உலகக் கோப்பைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1998-ல் முதன்மை கீப்பர். 2002-ல், சொந்த மண்ணில், பெஞ்ச். பயிற்சியாளர் துருசியே சீகோ நராசாகியைத் தேர்ந்தெடுத்தார், நான்கு ஆட்டங்களையும் நராசாகிதான் ஆடினார். 2006-ல் மறுபடியும் முதன்மை. 2009 செப்டம்பரில் வலது கீழ்க்கால் எலும்பு முறிந்தது. இருந்தும் 2010-ல் பயிற்சியாளர் ஒகாடா அவரை மூன்றாவது கீப்பராகவும் அணித் தலைவராகவும் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போனார். ஒரு நிமிடம்கூட ஆடப்போவதில்லை என்று தெரிந்தே எடுக்கப்பட்டவர். அந்தத் தொடரில் தகுதிச் சுற்று முழுக்க ஆடிவந்த நராசாகியைத் தாண்டி, கடைசி நேரத்தில் எய்ஜி கவாஷிமா முதன்மை கீப்பரானார். 34 வயதான இரண்டு பெரியவர்கள் பெஞ்சில், 27 வயதுக்காரர் கோலில். அந்த நிலைமையில் பயிற்சித் திடல் கசந்துபோகாமல் பார்த்துக்கொள்வது சும்மா வரும் காரியமல்ல. அதன் பிறகும் நிறுத்தவில்லை. 2013 வரை ஜுபிலோ இவாட்டா, இரண்டாம் பிரிவில் எஃப்.சி. கிஃபு, மூன்றாம் பிரிவில் எஸ்.சி. சகாமிஹாரா என்று இறங்கி ஆடி, 2018 டிசம்பரில் 43 வயதில் கையுறையைக் கழற்றினார்.

116 என்ற எண்ணைவிட இந்த இறக்கம்தான் ஒரு கீப்பர் பயிற்சியாளருக்கு மூலதனம் என்பது என் கருத்து. ஓர் அணியில் மூன்று அல்லது நான்கு கீப்பர்கள் இருப்பார்கள், ஆடுவது ஒருவர். பயிற்சியாளரின் வாரத்தில் பெரும்பகுதி ஆடாதவர்களோடு கழிகிறது. ஆடும் கீப்பருக்கு ஆட்டத்துக்கு முந்தைய நாள் பந்துகளைக் குறைத்துக் கொடுத்து, கை சூடாக அனுப்பிவிட்டால் போதும். ஆடாதவருக்கு ஆட்டத்தில் கிடைக்காத சுமையை அடுத்த நாள் தனியாகக் கொடுக்க வேண்டும், அதுவும் தண்டனைபோல் தோன்றாமல். திடீரென்று 60-ஆவது நிமிடத்தில் இறங்க நேர்ந்தால் அவர் தயாராக இருக்க வேண்டும். மட்சுனாகாவின் இடத்தைப் பறித்தவர், நராசாகியிடம் பறிகொடுத்தவர், கவாஷிமாவுக்குப் பந்து போட்டுக் கொடுத்தவர் என்று எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்த ஒருவர் சொல்லும்போது இரண்டாவது கீப்பர் காது கொடுப்பார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் அவர்தான். கோல் காத்தவர் 20 வயது கோசெய் தானி, 190 செ.மீ. காலிறுதியில் நியூசிலாந்துடன் 0-0, பெனால்டியில் தானி ஒன்றைத் தடுக்க, 4-2 என்று ஜப்பான் வென்றது. பதக்கம் கிடைக்கவில்லை, நான்காம் இடம். அந்தத் தடுப்பில் கவாகுச்சியின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து அளந்து சொல்ல வழியில்லை, அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற பட்டியலைத் தயார் செய்வது பயிற்சியாளர் வேலை. அந்தக் கணத்தில் அதை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா என்பது கீப்பரின் வேலை. பிறகு ஜுபிலோ இவாட்டாவுக்கே கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பினார். 2024-ல் ஐரோப்பாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர், வேறு யார், 40 வயது கவாஷிமா.

தானி போன்ற உயரமான பையனுக்கு 180 செ.மீ. ஆள் என்ன சொல்லிக்கொடுப்பது? உயரமான கீப்பர்களின் நோய் வேறு. கை எட்டும் என்ற நம்பிக்கையில் கோட்டிலேயே நின்றுவிடுவார்கள், தரையோடு வரும் பந்துக்குக் கீழே இறங்க நேரமெடுப்பார்கள். நிற்கும் இடத்தாலேயே பிழைத்த ஒருவரிடமிருந்து அவர்களுக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மாறாக, காலால் ஆடும் விஷயத்தில் கவாகுச்சி தலைமுறைக்கே ஓர் எல்லை உண்டு. சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல் வந்தபோது அவருக்கு 16 வயது. இன்றைய பையன்கள் எட்டு வயதிலிருந்தே இரண்டு காலாலும் பந்தைத் தள்ளிப் பழகுகிறார்கள். அந்தப் பாடத்தை அவர் கற்றுத்தான் கற்பிக்க வேண்டும், நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது.

உங்கள் பையனின் பயிற்சிக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் காட்டுகிற மாதிரி ஐந்து மீட்டரிலிருந்து இருபது பந்துகளை மூச்சு விடாமல் அடித்துத் தள்ளுவதை நிறுத்துங்கள். பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் மூன்றாவது பந்திலிருந்தே பையன் நிலைக்கு வராமல் பாயப் பழகிவிடுவான். ஒரு செட்டுக்கு ஐந்து அல்லது ஆறு பந்து போதும், ஒவ்வொன்றுக்கும் எழுந்து, இடத்துக்கு வந்து, நின்று, பிறகுதான் அடுத்தது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு. நான்கு செட்டுக்கு மேல் ஒரே பயிற்சியை இழுக்க வேண்டாம். கிராஸ் பயிற்சியில் வெறும் பந்தைப் போடாமல், நடுவே இரண்டு பேரையாவது நிறுத்தி, ஒவ்வொரு பந்துக்கும் அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று வையுங்கள். சொல்லாமல் பிடித்த பந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, தலைமைப் பயிற்சியாளர் கேள்வி. ஜப்பானில் கீப்பர் பயிற்சிக்கென்று தனி லைசென்ஸ் வரிசை இருக்கிறது. ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக்கில் ஓர் அணியைத் தலைமையேற்று நடத்த எஸ் கிளாஸ் என்று அழைக்கப்பட்டுவந்த உச்ச லைசென்ஸ் வேண்டும். இரண்டும் வேறு ஏணிகள், ஒன்றில் உச்சிக்குப் போனால் இன்னொன்றில் இறங்கிக்கொள்ள முடியாது. தேசிய அணியின் கீப்பர் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்துவரும் தகாஷி ஷிமோடாவும் ஹிரோஷிமாவின் முன்னாள் கீப்பர்தான், அவரையும் யாரும் "ஏன் மேலே போகவில்லை" என்று கேட்பதில்லை. கீப்பர்களால் முடியாது என்பதும் சரியல்ல. ஜப்பானிலேயே கென்ஸோ யோகோயாமா இருக்கிறார். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியின் கீப்பர், மிட்சுபிஷி அணியின் பயிற்சியாளராக 1978-லும் 1982-லும் லீக் பட்டம் வென்றவர், 1988 முதல் 1991 வரை தேசிய அணியின் பயிற்சியாளர். ஆனால் 1990 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வட கொரியாவைத் தாண்ட முடியாமல் முதல் கட்டத்திலேயே வெளியேறினார்கள், கடும் விமர்சனத்தோடு அவர் காலம் முடிந்தது. வெளியே பார்த்தால் முன்னாள் கீப்பர் டினோ ஸோஃப் பயிற்சியாளராக இத்தாலியை 2000 ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை கொண்டுபோனார். தலைமைப் பயிற்சியாளர்களாகப் பேர் வாங்கிய நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ, யூலன் லொபெடெகி இருவரும் ஒரு காலத்தில் கீப்பர்கள்தான்.

ஆனாலும் எண்ணிக்கை குறைவு. அதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. வேலையின் அமைப்பு அப்படி. தினமும் பயிற்சியின் முதல் அரை மணி நேரம் கீப்பர்கள் தனி மூலைக்குப் போய்விடுகிறார்கள், மற்ற இருபது பேரின் பயிற்சியை வடிவமைக்கும் அனுபவம் கீப்பர் பயிற்சியாளருக்குக் கிடைப்பதில்லை. வேண்டுமென்றே அந்த மூலையைவிட்டு வெளியே வந்து, சிறுவர் அணியையோ இரண்டாம் அணியையோ எடுத்து நடத்தியவர்கள்தான் தாண்டிப் போகிறார்கள். கவாகுச்சி இதுவரை அந்த மூலையிலேயே இருக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நீங்களும் பையனும் சேர்ந்து பார்ப்பதானால், தடுப்புகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களை விட்டுவிட்டு, 2006-ன் ஆஸ்திரேலியா ஆட்டத்தின் முழுப் பதிவைத் தேடிப் பிடியுங்கள். கேஹில் இறங்கும் 53-ஆவது நிமிடத்திலிருந்து 84 வரை, பந்தைப் பார்க்காமல் கவாகுச்சியின் கால்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு உயரப் பந்துக்கும் எங்கிருந்து கிளம்புகிறார், எதற்குக் கிளம்பாமல் நிற்கிறார் என்று பையனையே ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குரோஷியா ஆட்டத்தைப் போடுங்கள், அதே கால்கள், அதே கணக்கு.